தனியாக மாட்டியிருந்த சூட்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை கூட ஆகவில்லை. அதற்குள் வண்டி நிறுத்த இடமில்லை. கூரைமேல் சர்ஃபிங் பலகைகளைக் கட்டிக்கொண்டு வந்த கார்கள் வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், நல்ல அலை. ஊர் முழுவதும் கிளம்பி அந்த ஒரு கடற்கரைக்கே வந்துவிட்டது போலிருந்தது.

இறங்கியதும் எனக்கு முதலில் தெரிந்தது கடல் இல்லை, நாற்றம். கால் கழுவ வைத்திருந்த சிமெண்டுத் தொட்டியில் சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் யாரோ காயத்திலிருந்து உரித்துப் போட்ட பிளாஸ்டர் ஒன்று மிதந்தது. அந்தத் தண்ணீரிலேயே ஒரு குழந்தை காலை விட்டுக் குதித்துக்கொண்டிருந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"ஆரம்பிச்சுட்டா சுத்தக்காரி" என்றார் என் கணவர். "விட்டா இந்தக் கடலையே வெந்நீர்ல போட்டு அலசி எடுப்ப."

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களின் ரத்தம், சீழ், வாந்தி, மூத்திரம் எல்லாம் மூட்டை மூட்டையாக என் கைவழியே உள்ளே போய், வெள்ளை வெளேரென்று வெளியே வருகின்றன. பார்த்துப் பார்த்து மரத்துப் போயிருக்குமே என்பார்கள். எனக்கு நேர்மாறு. எந்தத் துணியைப் பார்த்தாலும் இதற்குள் யார் இருந்தார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

நான் அந்த இடத்துக்கு வந்ததே அவருக்காகத்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தோரு வயது, வழுக்கைத் தலை, வாய் நிறையக் கிண்டல். அதற்கு ஆறு மாதம் முன்பு அவருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. முதுகில் ஊசி குத்தி, தேநீர் நிறத்தில் ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். பதினோரு நாள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விடும் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "சுத்தமா இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்ததும், உங்களுக்கு என்ன வேண்டும், கேளுங்கள் என்றேன்.

"ஒரே ஒரு தடவை அலை மேல எழுந்து நிக்கணும்" என்றார். இருபது வயதிலிருந்து இருந்த ஆசையாம். உயிரைத் திரும்ப வாங்கி வந்த மனிதன் கேட்கும்போது, அங்கே கழிப்பறை சுத்தமாக இருக்காது என்று எப்படிச் சொல்வது?

பலகையும் ரப்பர் சூட்டும் வாடகைக்குக் கொடுக்கும் கடை, மணலை ஒட்டி ஒரு நீளமான தகரக் கொட்டகை. தண்ணீர் ஜில்லென்று இருப்பதால் அங்கே சூட் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. கடைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். கால் இரண்டும் மெலிந்த, கருத்த, நாற்பது வயது மனிதர். முழங்கால் தண்ணீரில் நின்று, சொந்த சூட்டோடு வந்திருந்த பத்துப் பேருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"சூட் உள்ள இருக்கு, சைஸ் பாத்து எடுத்துக்கங்க! நோட்டுல பேரும் நம்பரும் எழுதிட்டு வாங்க!" என்று அங்கிருந்தே கத்தினார்.

உள்ளே இருட்டு. வெளி வெயிலிலிருந்து போனதும் கண் தெரியவில்லை, மூக்குதான் வேலை செய்தது. ஈர ரப்பர், பூஞ்சை, பழைய வியர்வை. எல்லாவற்றுக்கும் அடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாடை. கரை ஏறச் சோம்பல்பட்டு, சூட்டுக்குள்ளேயே மூத்திரம் போய்விடுகிறார்கள். நீளக் கம்பியில் முப்பது நாற்பது சூட்டுகள் உட்புறம் வெளியே தெரியத் திருப்பித் தொங்கின. ஒன்றின் கழுத்துப் பட்டையில் யாருடைய தோலோ வெள்ளைச் செதிலாக ஒட்டியிருந்தது. இன்னொன்றின் அக்குளில் சுருட்டை முடி. பலகைகளின் மேல் தேய்த்திருந்த மெழுகில் மணலும் முடியும் ஒரு ஈயும் பதிந்து கிடந்தன.

"இதைப் போட்டுக்கிட்டா நீங்க நேரா என் மெஷினுக்குள்ளதான் போகணும்" என்றேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

கொட்டகையின் கடைசியில், ஒரு தனி ஆணியில், ஒரே ஒரு சூட். மற்றவை போல் திருப்பிப் போடாமல், நேராக, முதுகு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து மூடி மாட்டியிருந்தது. மேலே உப்புப் படியவில்லை, கறை இல்லை. முகர்ந்து பார்த்தேன். நாற்றமே இல்லை.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. அழுக்கு எப்போதும் குவியலில் கிடக்கும். துவைத்து, வெந்நீரில் எடுத்து, சோதித்து முடித்ததைத்தான் தனியாக மாட்டுவோம். தனியாக மாட்டியிருந்தால் யார் வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கலாம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கை தானாகப் போய் எடுத்துவிட்டது.

கனமாக இருந்தது. நல்ல ரப்பர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாற்றும் அறையில் அவர் கால்மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, முதுகு திறந்தபடி வெளியே வந்தார். நான் ஜிப்பை மேலே இழுத்தேன். அவர் லேசாக நெளிந்தார்.

"என்ன?"

"உள்ள ஈரமா இருக்கு." முகத்தைச் சுளித்தார். "வெதுவெதுன்னு இருக்கு. இப்பதான் யாரோ கழட்டின மாதிரி."

காலை எட்டே முக்கால். நோட்டின்படி அந்தக் கொட்டகையில் அன்று முதலில் சூட் எடுத்தவர்கள் நாங்கள்.

கீழே பார்த்தேன். அவர் கணுக்காலில் சூட் முடியும் இடத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கி என் கால் விரலில் விழுந்தது. வெதுவெதுப்பாக. வாய்க்குள் இருக்கும் சூடு.

"கழட்டுங்க" என்றேன். "முதல்ல கழட்டுங்க."

"கழட்டுறதுக்குள்ள பொழுது போயிடும். நீ வேடிக்கை மட்டும் பாரு."

பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி ஓடினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலை மணலில் ஐந்தாறு முறை தேய்த்தேன். அந்தச் சூடு மட்டும் போகவில்லை.

முதல் அலையில் கவிழ்வார், மூக்கில் தண்ணீர் ஏறும், இருமிக்கொண்டே வந்து என் மேல் உதறுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவர் எழுந்து நின்றார்.

தடுமாறவே இல்லை. இடது காலை முன்னால் வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, வலது கையின் விரல்களைப் பின்னால் அலையின் சுவரில் கோதிக்கொண்டே வந்தார். ஒரு பெண் தன் கூந்தலைக் கோதுவது போல மெதுவாக. ஸ்கூட்டரில் ஏறும்போதே தள்ளாடுகிற மனிதர். கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கண் கலங்கக் கூடச் செய்தது, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கைதட்டாதவர் மாஸ்டர் ஒருவர்தான். பாடம் பாதியில் நின்றது. அந்த வலது கையையே பார்த்துக்கொண்டு வாய் திறந்து நின்றார். பிறகு தண்ணீரை உதைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"அந்த சூட்டை எங்க எடுத்தீங்க?"

"தனியா மாட்டியிருந்ததே, அதான்..."

"ஐயோ, அதை ஏங்க எடுத்தீங்க?" குரல் இறங்கிப் போயிற்று. "அதுல ஆள் இருக்கு."

இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைக் கரைக்கு இழுத்தோம். சிரித்துக்கொண்டே வந்தார். உதடு மட்டும் நீலமாக இருந்தது. நான் ஜிப்பைக் கீழே இழுத்தேன். சூட் முதுகை விட்டுப் பிரியும்போது ஈரத் தோல் உரிவது போல ஒரு சத்தம். தோளிலிருந்து, இடுப்பிலிருந்து, காலிலிருந்து உருவி எடுத்தோம். மாஸ்டர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, அவசர அவசரமாக உள்ளே கையை விட்டார். அப்படியே நின்றார்.

நானும் கையை விட்டுப் பார்த்தேன்.

உள்ளே காய்ந்து கிடந்தது. கடலிலிருந்து வந்த சூட், மேலெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்த சூட், உள்ளே மட்டும் இஸ்திரி போட்ட துணி போலக் காய்ந்து கிடந்தது.

"மூணு வருஷமா..." என்றார் மாஸ்டர். "ஒரு சொட்டு வெளிய விட்டதில்ல."

அந்தக் கொட்டகை வாசலிலேயே நின்று சொன்னார். அவர் மனைவியும் அவரோடு பாடம் நடத்தியவள்தான். எப்போதும் குளிர் தாங்காதவள், அதனால் அவளுக்கென்று கனமான சூட் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் காலை போனவள் திரும்பவில்லை. ஒன்பதாம் நாள் சூட் மட்டும் கரை ஒதுங்கியது. ஜிப் கழுத்து வரை மூடியிருந்தது. உள்ளே ஆள் இல்லை.

"தண்ணி இருந்துச்சு. கையும் காலும் நெறஞ்சு, அவ படுத்திருக்கிற மாதிரியே. கடல் ஐஸா இருந்துச்சுங்க, அது மட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு. கீழ கொட்ட எனக்கு மனசு வரல."

அவளை அப்படியே தூக்கி வந்து மாட்டியிருக்கிறார். தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பாராம்.

எனக்குப் பரிதாபம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், வாந்திதான் வந்தது. ஒன்பது நாள் ஊறிய தண்ணீர். மூன்று வருடம் மூடி வைத்த தண்ணீர். அதை என் கையாலேயே எடுத்துக் கொடுத்து, என் கையாலேயே ஜிப் போட்டிருக்கிறேன்.

"இப்ப அது எங்க?" என்று கேட்டேன்.

மாஸ்டர் என் கணவரைப் பார்த்தார். அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். துண்டு நனைந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் அவர் முன்னால் மண்டியிட்டு, கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டார்.

"குளிருதா?"

என் கணவர் இன்னொரு கையை நீட்டி, மாஸ்டரின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டார். முன்பின் தெரியாத ஆண்பிள்ளையின் முடியை. பிறகு தன் கையையே திகைத்துப் பார்த்தார்.

நான் அவரை எழுப்பி, தள்ளிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்தேன்.

அன்றிலிருந்து அவர் காயவில்லை.

துடைத்தால் ஈரம். துண்டை மாற்றினால் அதுவும் ஈரம். பனியன், சட்டை, படுக்கை, நாற்காலி மெத்தை எல்லாம் நனைந்தன. வியர்வையானால் எனக்குத் தெரியும். இது வியர்வை இல்லை. பிசுபிசுவென்று, வாய்ச் சூட்டில், ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த வாயைத் திறந்தது போல ஒரு வாடையுடன் வந்தது. அவர் தொட்ட தம்ளரில் ஒரு படலம் நின்றது. கைப்பிடியைத் தொட்டுவிட்டு நான் கையைக் கழுவினேன். கழுவிய கையைத் திரும்பக் கழுவினேன்.

டாக்டர் மறுபடியும் படம் எடுத்தார். நுரையீரல் சுத்தம். "வியர்வை கொஞ்சம் ஜாஸ்தி, பலவீனம்" என்றார். அவரோ நாளுக்கு நாள் வற்றினார். உடம்பு சில்லிட்டது. தோல் மட்டும் பெரிதாகி, அளவு தப்பிய சூட்டைப் போலத் தொளதொளவென்று தொங்கியது. மூன்று போர்வைக்குள் கிடந்து நடுங்கினார். போர்வையைத் தொட்டால் வெளியே கசிந்த ஈரம் இதமாகச் சுட்டது. அவர் உடம்பின் வெப்பத்தையெல்லாம் அது எடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அவர் துண்டை எங்கள் வீட்டு மெஷினில் போட்டு எடுத்தேன். வடிகட்டியைத் திறந்தால் மணல், மெழுகு, அதோடு கொத்தாக முடி. பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.

என் முடி தோள் வரை வெட்டியது. அவருக்கோ தலையில் முடியே கிடையாது.

அன்றைக்கே நான் கூடத்து சோபாவில் படுக்க ஆரம்பித்தேன். அவர் சாப்பிடும் தட்டைத் தனியாக வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான் அவர் துணியைத் தொட்டேன். தொற்று உள்ள துணியை ஆஸ்பத்திரியில் சிவப்புப் பையில் கட்டுவோம். வீட்டுக்கும் இரண்டு கட்டு எடுத்து வந்தேன்.

அவர் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையும் அந்தப் பைக்குள்ள போட்டுக் கட்டிட்டியாடி?" என்றார். கிண்டல் போலத்தான் சொல்ல முயன்றார். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாஸ்டர் போன் செய்தார். நோட்டில் எழுதிய நம்பர்.

"எப்படி இருக்கா?" என்று கேட்பார்.

"அவர் நல்லா இருக்கார்" என்பேன் வெடுக்கென்று.

ஒரு வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏதாவது பேர் சொல்லிக் கூப்பிட்டாளா? எனக்கு ஒரு பேர் வெச்சிருந்தா. வேற யாருக்கும் தெரியாது அது."

"என் வீட்டுக்காரர் யாரையும் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடல" என்று போனை வைத்தேன்.

ஆறாவது ஞாயிறு. மதியம் இரண்டு மணி. வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே மூன்று போர்வை. அவர் பல் கிட்டித்துப் போயிருந்தது. மூச்சை எண்ணினேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் ஏழு வரை எண்ண வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் மோசமான அன்றைக்குக் கூட மூன்றைத் தாண்டவில்லை.

"குளிருதும்மா" என்றார். அது அவர் குரல்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் சூடு தீர்ந்துபோயிற்று. என்னிடம் இருந்தது.

கையுறையைக் கழற்றினேன். போர்வையை விலக்கினேன். வாடை எழுந்து முகத்தில் அடித்தது. ஒருமுறை குளியலறைக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். பிறகு அவர் முதுகுப் பக்கம் படுத்து, அந்தத் தொளதொளத்த தோலோடு நெஞ்சை ஒட்டி, இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

முதலில் சட்டை நனைந்தது. பிறகு வயிறு. உப்பு என் உதட்டில் ஏறியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இது என் புருஷன், இது என் புருஷன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கழுத்துக்குப் பின்னால் யாரோ மெல்ல ஒரு மூச்சு விட்டார்கள்.

அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. கண் விழித்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் ஓடியது. கையை, கழுத்தை, மண்டையை மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காஞ்சிடுச்சுடி!" என்றார். "ஏய் சுத்தக்காரி, தொட்டுப் பாரு! காஞ்சிடுச்சு!"

தொட்டேன். காய்ந்து, சூடாக, என் கணவராக இருந்தார். வாய்விட்டு அழுதேன். அவர் பசிக்கிறது என்றார், ரொட்டி இருக்கிறதா என்றார், ஆறு வாரத்துக்கும் சேர்த்து என்னைக் கிண்டல் செய்தார். சிரித்தபடியே என்னை அணைக்க வந்தவர் பாதியில் நின்றார். மூக்கைச் சுருக்கினார்.

"என்ன ஒரு மாதிரி வாடை வருது உன் மேல?"

நான் குனிந்து பார்த்தேன். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கழற்றிப் பிழிந்தேன். வேறு சட்டை போட்டேன். அது நனைவதற்குள் கூடத்தில் போன் அடித்தது.

அவர் அடுக்களையில் ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

"எப்படி இருக்கா?" என்றார் மாஸ்டர், வழக்கம் போல.

அவர் நல்லா இருக்கார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளே நாக்கு வெதுவெதுப்பாக, கனமாக இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், எனக்கு அருவருப்பாகவே இல்லை.

"இப்ப குளிரல, நண்டு" என்றேன்.

அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர் அழ ஆரம்பித்தார்.